கேன் பம்பும் இரண்டு துண்டு அலுமினிய டேப்பும்: மலிவான மின்தேக்கு உணரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்னையில் பல வீடுகளில் குடிதண்ணீர் என்றால் அது இருபது லிட்டர் கேன்தான். கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடியாதவர்களுக்காக, அதன் வாயில் செருகி வைக்கும் சிறு மின்கலப் பம்புகள் சில ஆண்டுகளாகப் பரவலாக விற்பனையாகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அத்தகைய பம்பைத் தாங்கும் மேசைச் சட்டம் ஒன்றைத் தயாரிப்பவர், பொத்தானே இல்லாமல், டம்ளரைக் குழாய்க்குக் கீழே வைத்தவுடன் தண்ணீர் வர வேண்டும் என்ற கோரிக்கையோடு என்னிடம் வந்தார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: “சார், இதுக்குன்னு தனியா ஒரு போர்டு போடாதீங்க. இருக்கிறதுலயே முடிச்சுக் கொடுங்க.”

இருந்தது என்ன என்று பார்த்தால், மோட்டாரைக் கட்டுப்படுத்தவும் மின்கலத்தின் அளவைப் பார்க்கவும் அவர் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த ஏடிடைனி85 என்ற எட்டுக் கால் மைக்ரோகண்ட்ரோலர் (ஒற்றைச் சிப்பில் அடங்கிய சிறு கணினி) ஒன்று, மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்னணு ஸ்விட்ச்சான ஒரு மாஸ்ஃபெட், ஒரு 18650 லித்தியம் மின்கலம், சார்ஜ் செய்வதற்கான சிறு பலகை, அவ்வளவுதான். அந்த எட்டுக் கால்களில் இரண்டு மின்வழங்கலுக்கும் ஒன்று ரீசெட்டுக்கும் போய்விட, எஞ்சிய ஐந்தில் மோட்டாருக்கு ஒன்றும் மின்கல அளவீட்டுக்கு ஒன்றும் கழித்தால் என் கைக்கு வந்தவை மூன்று.

நான் வருவதற்கு முன்பே அவர் இரண்டு வழிகளை முயன்று பார்த்துக் கைவிட்டிருந்தார். முதலாவது, அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கும் உணரி. பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒளியை நினைத்த பக்கமெல்லாம் சிதறடித்தது. சமையலறை ஜன்னல் வழியாக வந்த வெயிலோ உணரியையே குருடாக்கியது. இரண்டாவது, ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் டிடிபி223 தொடு உணரிப் பலகை. விரல் தொடுகைக்கு அது நல்ல சிப் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் தகட்டோடு ஒரு பெரிய அலுமினியத் தாளை இணைத்துத் தூரத்தில் இருக்கும் டம்ளரைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, சில நேரம் கண்டுகொண்டது, சில நேரம் கண்டுகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கவும் வழியில்லை. அந்த சிப் வெளியே தருவது ‘ஆம்’, ‘இல்லை’ என்ற ஒற்றை விடையை மட்டுமே. உள்ளே அது எந்த எண்ணைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது என்பது வடிவமைப்பாளருக்குத் தெரிவதில்லை. அதன் உணர்திறனைக் குறைக்க ஒரு சிறு மின்தேக்கியைச் சேர்க்கலாம், அதற்கு மேல் கைவைக்க இடமில்லை. மலிவாக ஒன்றைச் செய்ய நினைப்பவருக்கு முதலில் வேண்டியது அந்த உள் எண் என்பது என் அனுபவம். விலை குறைந்த பொருளில் பிழைக்கு இடம் இருந்தே தீரும்; அந்தப் பிழை எத்தனை பெரியது என்று பார்க்க முடியாவிட்டால் சரிசெய்வதும் இயலாது.

அளக்க வேண்டியது எவ்வளவு?

கை அருகே வந்தால் ஒரு தகட்டின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், மாறும் என்பது புதிய செய்தி அல்ல. ரஷ்யரான லெவ் தெரமின் 1920ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய இசைக்கருவி, கை நெருங்குவதாலும் விலகுவதாலும் ஏற்படும் இதே மாற்றத்தைக் கொண்டுதான் சுரத்தை ஏற்றி இறக்கியது. சிக்கல் கோட்பாட்டில் இல்லை, அளவில் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் அகலமும் எட்டு சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு தகட்டுக்கு எதிரே மூன்று சென்டிமீட்டர் தள்ளி டம்ளர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, இணைத்தகட்டுச் சூத்திரத்தில் காற்றின் மதிப்பான மீட்டருக்கு 8.85 பிக்கோஃபாரட்டை இட்டால், விடை ஏறத்தாழ 1.2 பிக்கோஃபாரட் என்று வரும் (மின்தேக்குத்திறனின் அலகான ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோஃபாரட்). டம்ளரின் வளைவையும் விளிம்பு விளைவுகளையும் இந்தக் கணக்கு பொருட்படுத்தாது என்றாலும், நாம் ஒரு பிக்கோஃபாரட் அளவில் நிற்கிறோம் என்பதை அது சொல்லிவிடுகிறது. தகடும் அதற்குச் செல்லும் கம்பியும் சேர்ந்து தரும் அடிப்படை மதிப்பு மட்டுமே பத்து, பதினைந்து பிக்கோஃபாரட் இருக்கும். அதன்மேல் ஏறும் இந்தச் சிறு கூடுதலைத்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

தனிச் சிப் இல்லாமல் இதை அளக்கப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒரு மெகா ஓம் மின்தடை வழியாகத் தகட்டை மின்னூட்டி, பாதி மின்னழுத்தத்தை எட்ட எத்தனை நேரம் ஆகிறது என்று எண்ணுவது ஒன்று. பதினைந்து பிக்கோஃபாரட்டுக்கு அது பத்து மைக்ரோநொடியை ஒட்டி அமையும். எளிமையானது, ஆனால் ஒரு மெகா ஓம் மின்தடையின் முனையில் தொங்கும் தகடு அக்கம்பக்கத்து மின்னிரைச்சல் அனைத்தையும் வாரிக்கொள்ளும். நான் தேர்ந்தது மற்றொன்றை. மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும், மின்னழுத்தத்தை எண்ணாக்கித் தரும் அனலாக்–டிஜிட்டல் மாற்றியின் வாயிலில், மாதிரி பிடித்து வைப்பதற்கென்று 14 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று ஏற்கெனவே அமைந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டாத அந்த மின்தேக்கியையே அளவுகோலாக்கிக் கொள்ளலாம். அதை முழு மின்னழுத்தத்துக்கு நிரப்பி, வெளித் தகட்டைச் சுழியாக்கி, பிறகு இரண்டையும் இணைத்துவிட்டால் மின்னூட்டம் இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. தகடும் 14 பிக்கோஃபாரட்டாக இருந்தால் மின்னழுத்தம் சரிபாதியில் நிற்கும். 0 முதல் 1023 வரை எண்ணும் பத்துப் பிட் மாற்றி 512 என்று காட்டும். டம்ளர் வந்து ஒரு பிக்கோஃபாரட் கூடினால் அது 494 ஆகும். அடுத்த அளவீட்டில் தலைகீழாக, உள் மின்தேக்கியைச் சுழியாக்கித் தகட்டை நிரப்பினால் அதே 18 படி மேல்நோக்கி மாறும். இரண்டையும் கழித்தால் ஒரு பிக்கோஃபாரட்டுக்கு ஏறத்தாழ 35 படிகள் கிடைக்கின்றன. அது மட்டுமல்ல, இரண்டு அளவீட்டையும் ஒரே பக்கமாக இழுக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்தூண்டல் இந்தக் கழித்தலில் பெரும்பகுதி காணாமல் போகிறது. மாற்றியின் ஒப்பீட்டு மின்னழுத்தமாக மின்கலத்தின் மின்னழுத்தமே அமைவதால், மின்கலம் 4.2 வோல்ட்டிலிருந்து இறங்கிக்கொண்டே போனாலும் பங்கீட்டு விகிதம் மாறுவதில்லை.

உள் மின்தேக்கியை நிரப்ப அனலாக் வசதியுள்ள இன்னொரு கால் தேவை. அதற்காக மின்கல அளவீட்டுக் காலைச் சில மைக்ரோநொடிகளுக்குக் கடன் வாங்கி, உயர்நிலையில் வைத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தேன். மின்கலத்தை நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்பதால் யாருக்கும் நட்டமில்லை.

முதல் வடிவமும் திருவான்மியூர் வீடும்

முதல் வடிவத்தில் தகட்டை டம்ளர் நிற்கும் சொட்டுத் தட்டுக்கு அடியில் ஒட்டினேன். ஏசி காற்றுக்குழாய்களின் இணைப்பில் ஒட்டும் அலுமினிய டேப்தான் தகடு. அந்த டேப்பின் பசை மின்சாரத்தைக் கடத்தாது, அலுமினியத்தில் சாதாரண ஈயப் பற்றும் பிடிக்காது. ஆகவே டேப்பின் ஒரு மூலையை மடித்து, அதைத் துளைத்து ஒரு சிறு திருகையும் பல்வைத்த வாஷரையும் இறுக்கி, கம்பியை அந்தத் திருகில் சுற்றிப் பற்றவைத்தோம். மே மாத வெயிலில் பட்டறையில் இரண்டு வாரம் ஓடியது. எவர்சில்வர், பித்தளை, கண்ணாடி என எதை வைத்தாலும் தண்ணீர் வந்தது, எடுத்தால் நின்றது. சில வீடுகளுக்குச் சோதனைக்காகக் கொடுத்தோம்.

அக்டோபரில் மழை தொடங்கிய பிறகு திருவான்மியூர் வீடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த வீட்டு அம்மா சொன்னது இதுதான்: “தம்பி, காலையில ஒழுங்கா இருக்கு. சாயங்காலம் ஆனா யாருமே பக்கத்துல போகாம அதுவே ஊத்துது. நேத்து மேடை முழுக்கத் தண்ணி, கேன் பாதி காலி.” நான் முதலில் மின்னிரைச்சலைச் சந்தேகித்தேன். மாலையில்தான் அக்கம்பக்கத்தில் விளக்கும் மிக்சியும் கிரைண்டரும் ஓடுகின்றன என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். அது தவறு.

அந்தப் பம்பை எடுத்து வராமல், அதே மேடையில் வைத்தபடியே உள் எண்ணைப் பதிவு செய்யும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு வந்தேன். மூன்று நாள் பதிவைப் பார்த்தபோது இரைச்சல் இரண்டு படிக்குள்தான் இருந்தது. ஆனால் மாலை ஐந்து மணியிலிருந்து எண் மெல்ல ஏறிக்கொண்டே போனது. நடுவில் திடீரென்று ஒரு குதி குதித்தது. தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் விடை கண்ணில் பட்டது: வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. குடிப்பது கேன் தண்ணீர் என்றாலும் தட்டைக் கழுவுவது போர்வெல் உப்புத் தண்ணீரில். காய்ந்த உப்பு மாலைக் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத கடத்தும் படலமாகிவிடுகிறது. அந்தப் படலம் தட்டின் ஓரம் வரை பரவி, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்திருந்த சட்டத்தின் எஃகுத் திருகைத் தொட்டவுடன், தகட்டுக்கும் தரைக்கும் (மின்சுற்றில் மின்கலத்தின் எதிர்முனையைத்தான் தரை என்பார்கள்) இடையே ஒரு பெரிய மின்தேக்கி உருவாகிவிடுகிறது. குழாய் நுனியில் தேங்கி நின்ற ஒரு சொட்டு விழுந்து படலத்தை அகலப்படுத்தியதே அந்தக் குதி. உணரி அதை டம்ளர் என்று நம்பிப் பம்பை ஓட்டியது; தண்ணீர் விழ விழப் படலம் இன்னும் பெரிதாகி, டம்ளர் ‘இருப்பது’ மேலும் உறுதிப்பட்டது. தானே தனக்குச் சாட்சி சொல்லும் இந்தச் சுழற்சியை நிறுத்த, மின்கலம் தீர வேண்டும் அல்லது கேன் தீர வேண்டும்.

பட்டறையில் இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் அதே காரணம்தான். நாங்கள் தட்டைக் கழுவியதும் கேன் தண்ணீரில். சவ்வூடு முறையில் சுத்திகரித்த அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு; காய்ந்தால் ஏறத்தாழ எதையும் விட்டுச்செல்வதில்லை.

மாற்றியவை

மென்பொருளில் எல்லை மதிப்பை உயர்த்திவிட்டால் போதும் என்று தயாரிப்பாளர் விரும்பினார். அது ஒரு வாரத்துக்கு வேலை செய்யும், பிறகு உப்பு இன்னும் தடிக்கும் என்று மறுத்துவிட்டு, தகட்டின் இடத்தையே மாற்றினேன். இப்போது தகடு டம்ளருக்குப் பின்னால் நிற்கும் செங்குத்துச் சுவரின் உட்பக்கத்தில், தண்ணீர் தேங்க முடியாத இடத்தில் ஒட்டப்படுகிறது. தட்டில் எதுவும் இல்லை; அதில் குளமே நின்றாலும் உணரிக்கு அது தொலைவில் இருக்கிறது.

அடுத்தது காப்புத் தகடு. தகட்டுக்குப் பின்னால் மோட்டாரும் தண்ணீர்க் குழாயும் மின்கலமும் இருக்கின்றன; குழாயில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும்கூட எண்ணை அசைத்தன. பின்னால் தரையோடு இணைந்த ஒரு தகட்டை வைத்து மறைக்கலாம் என்றால், அதுவே அடிப்படை மதிப்பைப் பல மடங்கு உயர்த்தி உணர்திறனைத் தின்றுவிடும். மாறாக, உணரும் தகட்டின் மின்னழுத்தம் ஏறும்போது தானும் ஏறி, இறங்கும்போது தானும் இறங்கும் தகடு ஒன்றைப் பின்னால் வைத்தால், இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மாறுவதில்லை. மாறாத இடத்தில் மின்னூட்டம் ஓடுவதில்லை. ஆகவே அந்த மின்தேக்குத்திறன் கணக்கிலேயே வராது. உணரும் தகடு பங்கீட்டின்போது ஏறத்தாழ பாதி மின்னழுத்தம்தான் நகர்கிறது என்பதால், காப்புத் தகட்டை நேரடியாக ஒரு காலில் இணைத்தால் இரண்டு மடங்கு தாவிவிடும். இரண்டு பத்து கிலோ ஓம் மின்தடைகளைக் கொண்டு பாதியாக்கிக் கொடுத்தேன். இரண்டாவது துண்டு அலுமினிய டேப்பும் இந்த இரண்டு மின்தடைகளும்தான் காப்புத் தகட்டின் மொத்தச் செலவு. அந்தச் சுவரின் விளிம்பில் காப்புத் தகடு உணரும் தகட்டை விட ஒரு சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்குமாறு ஒட்டியதால், சுவரில் தெறித்த தண்ணீர் சட்டத்தின் திருகு வரை வழிந்தாலும் உணரும் தகட்டின் மேல் அதன் பிடி தளர்ந்தது.

‘ஒரு பாட்டில் நிரப்பு’ என்பதற்கு முகப்பில் ஒரு தொடுபொத்தானும் வேண்டும் என்று நடுவில் ஒரு கோரிக்கை சேர்ந்துகொண்டது. மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்குக்குப் பின்னால் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடு, விரல் பட்டால் சுமார் ஒரு பிக்கோஃபாரட் தரும். ஆனால் அக்ரிலிக்கின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ மூன்று என்பதால் மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கும் ஒரு மில்லிமீட்டர் காற்றும் இதில் சமம். பலகைக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே சமிக்ஞை பாதியாகிவிடும். தொழிற்பேட்டை வார்ப்புகளில் ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய பிழையே அல்ல. இதற்கு இன்டக்ஷன் அடுப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு: பலகையில் பற்றவைத்த சிறு சுருள்வில் கண்ணாடியின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே நிற்கும். உதிரிபாகக் கடைகளில் அந்த வில்லை எடைக்கே கேட்டு வாங்கலாம். நாங்கள் அதையே பயன்படுத்தினோம்.

உணரும் தகடு, பொத்தான் தகடு இரண்டுக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றொன்று போட்டிருக்கிறேன். உலர்ந்த நாளில் விரலிலிருந்து பாயும் நிலைமின்னோட்டத்தை அது தணிக்கும். அளவீட்டின் வேகத்தைப் பாதிக்காது. ஆக மொத்தம் நான்கு மின்தடைகள், ஒரு வில், இரண்டு துண்டு டேப். ஐந்து கால்களும் நிரம்பிவிட்டன.

சார்ஜர்

நவம்பரில் இன்னொரு வீட்டிலிருந்து வேறு விதமான புகார்: சார்ஜ் ஏறும்போது மட்டும் பம்பு விட்டு விட்டு ஓடுகிறது. அதுவும் டம்ளரைக் கையில் பிடித்தபடி காட்டினால்தான். கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்தால் ஒழுங்காக ஊற்றுகிறது. இந்த விவரத்தை அந்த வீட்டுப் பையன் தானாகவே கவனித்துச் சொன்னான். பாதி வேலை அதில் முடிந்தது. இரண்டு முள் சார்ஜர்களில் எர்த் கிடையாது. அவற்றின் உள்ளே மின்சாரப் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையில் உள்ள மின்தேக்கி வழியாக, பம்பின் தரை முழுவதுமே பூமியைப் பொறுத்து ஆடிக்கொண்டிருக்கும். மனித உடலுக்கும் பூமிக்கும் இடையே நூறு பிக்கோஃபாரட் அளவில் மின்தேக்குத்திறன் உண்டு என்பதால், டம்ளரைக் கையில் பிடித்தவுடன் அது பூமியோடு கட்டப்பட்டதைப் போல அசையாமல் நிற்கிறது. ஆடுவது பம்பு, நிற்பது டம்ளர், இரண்டுக்கும் இடையிலான அந்த ஒரு பிக்கோஃபாரட் வழியாக இரைச்சல் உள்ளே இறங்குகிறது. யாரும் தொடாதபோது பாதை இல்லை, ஆகவே இரைச்சலும் இல்லை.

50 ஹெர்ட்ஸைக் கழித்தல் பார்த்துக்கொண்டது. சார்ஜரின் ஸ்விட்ச்சிங் அதிர்வெண் அப்படி அடங்கவில்லை. அளவீடுகள் சீரான இடைவெளியில் நடந்ததால் அந்த அதிர்வோடு ஒத்துப்போய், சில வினாடிகளுக்கு ஒரே பக்கமாக இழுத்தது. இரண்டு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சில மைக்ரோநொடிகள் தாறுமாறாக மாற்றிவிட்டு, எட்டு இணை அளவீடுகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். மோட்டாரின் கார்பன் பிரஷ் தீப்பொறி இதே போன்றதொரு தொல்லை என்பதால், அளக்கும் இரண்டு மில்லி நொடிக்கு மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுகிறேன்; மோட்டார் தன் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும், தண்ணீரின் ஓட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

கையை எடுத்தால் எண் குறைகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கையில் பிடித்த டம்ளருக்கு 40 படி என்றால், தனியே நிற்கும் டம்ளருக்கு 30தான். தண்ணீர் வரத் தொடங்க 20 படி, நிற்க 12 படி என்று இடைவெளியை அகலமாக வைத்ததற்கு அதுவே காரணம். எதுவும் அருகில் இல்லாதபோது எண் நிற்கும் அடிநிலை மதிப்பு ஒவ்வொரு அளவீட்டிலும் 256இல் ஒரு பங்கு மட்டும் புது எண்ணை நோக்கி நகரும். டம்ளர் இருக்கும்போது நகராது. எண் அடிநிலைக்குக் கீழே இறங்கினால் மட்டும் உடனே அதைப் பின்தொடரும். எது எப்படியானாலும் 20 வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் ஊற்றாது என்ற விதி ஒன்றையும் சேர்த்தேன். இதைத் திருவான்மியூருக்கு முன்பே செய்திருக்க வேண்டும். மேடை முழுக்கத் தண்ணீர் நின்றதற்கு உப்பு பாதிக் காரணம், இந்த விதி இல்லாதது மீதிக் காரணம்.

செய்ய முடியாதவையும் இருக்கின்றன. காலியான பிளாஸ்டிக் கோப்பையைத் தனியே வைத்தால் உணரி அதைக் காண்பதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் காற்றிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. கையில் பிடித்தால் கையைப் பார்த்து ஊற்றும், விட்டதும் நின்றுவிடும். வெறும் கையை நீட்டினாலும் ஊற்றும், ஏனென்றால் கையையும் பித்தளைச் செம்பையும் ஒரே தகட்டால் பிரித்தறிய முடியாது. இரண்டு தகடுகளை வைத்து ஒன்றிலிருந்து அனுப்பி மற்றொன்றில் பெற்றால் இவற்றைப் பிரித்துப் பார்க்க வாய்ப்பு உண்டு. தனித்து நிற்கும் உலோகம் இணைப்பைக் கூட்டும், பூமியோடு பிணைந்த கை அதைக் குறைக்கும். அதற்கு ஆறாவது கால் வேண்டும். தயாரிப்பாளரிடம் சொன்னேன். பிளாஸ்டிக் கோப்பைக்காரர்கள் கையிலேயே பிடித்துக்கொள்ளட்டும் என்றார், நானும் வாதாடவில்லை.

திருவான்மியூர் வீட்டில் இரண்டாவது வடிவத்தை நவம்பர் கடைசியில் மாட்டி, அதே பதிவுக் கருவியையும் விட்டுவந்தேன். தட்டை இன்றும் உப்புத் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள், உப்பும் பூத்திருக்கிறது. மழை பெய்த மாலைகளில் எண் மூன்று மணி நேரத்தில் பதினொரு படி ஏறி, இரவு பத்துக்கு மேல் இறங்கியிருக்கிறது. அடிநிலையும் கூடவே ஏறி இறங்கியிருக்கிறது. பதிவில் பம்பு ஓடிய ஒவ்வொரு முறையும் எண் ஒரு வினாடிக்குள் 25 படிக்கு மேல் தாவியிருக்கிறது, ஒன்றே ஒன்றைத் தவிர: ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு 21 படி, நான்கு வினாடி. அந்த வீட்டில் பூனை ஒன்று வளர்கிறது.